வரைபட வேலைக்கு லிப்இன்புட்: மவுஸ் முடுக்க அமைப்புகள் எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நில அளவையாளர்களுக்காகப் புலப்படங்களைக் கணினியில் வரைந்து கொடுப்பது என் தொழில். ஸ்கேன் செய்த படத்தின் மேல் வரப்பு மூலைகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து கோடு இழுக்க வேண்டும். கர்சர் சற்றுத் தள்ளி விழுந்தாலும் ஒருவருடைய வரப்பு அடுத்தவர் நிலத்துக்குள் போய்விடும். ஆகவே, அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது நான் முதலில் பார்த்தது, லினக்ஸில் திரையையும் சாளரங்களையும் நடத்தும் எக்ஸ் சாளர அமைப்பில் மவுஸைக் கவனித்துக்கொள்ளும் லிப்இன்புட் டிரைவரைத்தான்.

அது இயல்பாக ‘அடாப்டிவ்’ முறையில் இயங்குகிறது. கை மெதுவாகப் போனால் கர்சர் குறைவாகவும், அதே தூரத்தைக் கை வேகமாகக் கடந்தால் அதிகமாகவும் நகரும். மேசையில் அடிக்கோல் ஒன்றை ஒட்டி, மவுஸை அதன் ஓரமாக 2 செ.மீ. வேகமாகத் தள்ளி, மெதுவாகத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். மவுஸ் புறப்பட்ட கோட்டுக்கே வந்துவிட்டது, கர்சர் வரவில்லை. கையின் வேகம் எதுவானாலும் கர்சரை ஒரே விகிதத்தில் நகர்த்தும் ‘ஃபிளாட்’ முறைக்கு மாற்றியதும் இந்தத் தொல்லை தீர்ந்தது. 800 டிபிஐ மவுஸில் (ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 புள்ளிகள் அனுப்புவது) வேக அமைப்பை 0 என வைத்தால், 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்கச் சுமார் 6 செ.மீ. போதும், மைனஸ் 0.5 என வைத்தேன், அது 12 செ.மீ. ஆயிற்று. மாலையில் மணிக்கட்டு வலிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கோடு நினைத்த இடத்தில் விழுகிறது.

நிரல் எழுதி இதை மாற்ற நினைப்பவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும். எக்ஸ்-சேஞ்ச்-பாயின்டர்-கன்ட்ரோல் என்ற பழைய சார்பை அழைத்து, முடுக்கத்தின் தொகுதி, பகுதி, எந்த அளவுக்கு மேல் முடுக்கம் தொடங்க வேண்டும் என்ற வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, அமைப்புகளைக் காட்டும் ‘எக்ஸ்செட்’ கட்டளையும் புதிய எண்களையே காட்டியது, ஆனால் கர்சர் மட்டும் இம்மியளவும் மாறவில்லை. லிப்இன்புட் முடுக்கத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்வதால், எக்ஸ் சர்வரில் (நம் கணினியிலேயே ஓடும் எக்ஸின் மைய நிரல்) எழுதப்படும் அந்த எண்களை அது பொருட்படுத்துவதே இல்லை என்பது புரிவதற்குள் அரை நாள் போய்விட்டது. மவுஸ் போன்ற கருவிகளைத் தனித்தனியாக அமைக்க உதவும் எக்ஸ்-இன்புட் நீட்சியின் வழியாக, அந்த மவுஸுக்குரிய முடுக்க முறையையும், மைனஸ் 1 முதல் 1 வரையிலான வேகத்தையும் பண்புகளாக எழுதினால் அந்தக் கணமே வேலை செய்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மவுஸின் யுஎஸ்பி வயரைக் கழற்றி மாட்டினால் சர்வர் மவுஸைப் புதிய கருவியாகவே சேர்த்துக்கொள்கிறது, நாம் எழுதியது போய்விடுகிறது. கருவி வந்து சேரும் நிகழ்வை நிரல் கவனித்து மறுபடி எழுதலாம். நான் எக்ஸ் சர்வர் படிக்கும் எக்ஸ்-ஆர்க் அமைவுக் கோப்பில் இரண்டு வரி சேர்த்து முடித்துக்கொண்டேன். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டுக்கு மாறினால் இந்த நிரல் உதவாது, அங்கே இந்த அமைப்பு, சாளரங்களைத் திரையில் சேர்த்துக் காட்டும் கம்போசிட்டர் நிரலின் கையில் இருக்கிறது.

புலப்படமோ கட்டட வரைபடமோ வரைபவர்கள் தயங்காமல் ஃபிளாட்டுக்கு மாறலாம். எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்கா மட்டும் இரண்டே நாளில் அடாப்டிவ் முறைக்குத் திரும்பிவிட்டார். அவர் கணினியில் புலப்படம் எதையும் திறப்பதில்லை.