குன்னூரில் வாங்கிய வண்ணக் கிண்ணங்கள்: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் மகளுக்கு இரண்டு வயது நிறைந்தபோது, குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியிலுள்ள ஒரு கடையில் மரத்தாலான வண்ணக் கிண்ணத் தொகுப்பு ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய நிறங்களில் ஐந்து கிண்ணங்களும், நிறத்துக்கு நான்காக 20 உருண்டைகளும் அதில் உள்ளன. உருண்டை ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம் இருப்பதால் வாய்க்குள் போய்விடும் என்ற அச்சம் இல்லை. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பெட்டியின் அடியில் இருக்கிறது.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது பல வீடுகளிலும் காணப்படும் வளைய அடுக்கு. அதில் பெரிய வளையம் சிவப்பு, சிறியது ஊதா என்று அளவும் நிறமும் ஒட்டியே இருந்ததால், அவள் அளவைப் பார்த்தே சரியாக அடுக்கிவிட்டாள். நிறத்தைக் கவனிக்கும் தேவையே எழவில்லை. இந்த உருண்டைகளோ அளவிலும் எடையிலும் வழவழப்பிலும் ஒன்றுபோல் இருக்கின்றன. நிறத்தைப் பார்க்காமல் எந்த உருண்டையையும் அதற்குரிய கிண்ணத்தில் சேர்க்க முடியாது என்பதே இதன் பெரும் பலம்.

பெயர் சொல்லத் தெரிவதற்கு முன்பே நிறம் பார்த்து இனம் சேர்க்கக் குழந்தைகளுக்கு வந்துவிடும் என்பதால், முதல் மூன்று வாரங்கள் பெயர் கேட்டு அவளை நச்சரிக்கவில்லை. பிறகு "சிவப்பு உருண்டையை எடு" என்பதை விட்டு, "இந்த உருண்டை சிவப்பு" என்று பொருளை முன்னும் நிறத்தைப் பின்னுமாகச் சொன்னபோது விரைவில் பிடித்துக்கொண்டாள். தாமதமானால் பெற்றோர் கலங்க வேண்டாம். தம் பிள்ளைகள் நிறப் பெயர்களில் தடுமாறியதைக் கண்டு, அவர்களுக்கு நிறக்குருடோ என்று டார்வினே ஐயுற்றிருக்கிறார்.

குறைகளும் உண்டு. நீலமும் ஊதாவும் மிக நெருங்கிய சாயல்கள். ஜூலையில் மேகம் இறங்கிப் பகலிலேயே மஞ்சள் விளக்கு போட வேண்டியிருந்த நாட்களில் எனக்கே அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. போதாததற்கு, என் மாமியார் நீலத்தைத்தான் ஊதா என்பார். மலை ரயிலின் நீலப் பெட்டிகளும் அவருக்கு ஊதாதான். குழந்தை குழம்பியதால் ஊதாக் கிண்ணத்தை இரண்டு மாதம் பரணில் வைத்துவிட்டு, வீட்டில் அனைவரும் ஒரே பெயரைச் சொல்வது என்று முடிவு செய்தோம். அதன் பிறகே நீலம் அவளுக்கு நிலைத்தது.

ஆரஞ்சு நிறம் இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒருநாள் சந்தைப் பையிலிருந்து கேரட் ஒன்றை எடுத்து வந்து, சிவப்புக் கிண்ணத்தின் மேல் சற்று நேரம் பிடித்திருந்தாள். பின்னர் மஞ்சளுக்குக் கொண்டுபோனாள். இரண்டிலும் போடாமல் இடையே தரையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஆரஞ்சுக் கிண்ணம் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டதற்கு இல்லை என்றார்கள். இப்போது ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஆரஞ்சுத் துணியைச் சுற்றி ஆறாவதாக வைத்திருக்கிறோம். கேரட் நேராக அதற்குள் போகிறது.