‘கேம்ப்பெல் குடும்பச் சின்னம்’ பொறித்த மோதிரம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், கேம்ப்பெல் என்ற குடும்பப் பெயருள்ள மாப்பிள்ளைக்குப் போடுவதற்காக இணையக் கடை ஒன்றில் மோதிரம் வாங்கியது. ‘உங்கள் குடும்பப் பெயரின் அதிகாரபூர்வ கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’ (ஒருவரை அடையாளம் காட்டும் கேடயச் சின்னம்) என்பது கடையின் விளம்பரம். காட்டுப்பன்றித் தலை செதுக்கிய தங்க சிக்னெட் (முத்திரை) மோதிரம், கேடயம் வரைந்த மரப்பலகை, சிவப்பு முத்திரை ஒட்டிய சான்றிதழ், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க ஒரு படக்கோப்பு, தொப்பியில் செருக ஓர் இறகு, இத்தனையும் ஒரே தொகுப்பில் வந்தன. பத்திரிகை அச்சாகி உறவினர் கைக்குப் போன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்தக் கேடயம் ஆர்கைல் பிரபுவுடையது என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘பெயர் சொல்லிச் செய்வித்த பொருள், திரும்ப எடுக்க முடியாது’ என்று கடை கைவிரித்தது. இதே சரக்கை இதே வாசகத்தோடு விற்பவர்கள் ஏராளம். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம். ஸ்காட்லாந்தில் குடும்பப் பெயருக்குக் கோட் ஆஃப் ஆர்ம்ஸ் கிடையாது. ஒரு கேடயம் ஒரு சமயத்தில் ஒரே ஒருவருக்குத்தான் சொந்தம். அதை வழங்குபவர் லார்ட் லயன் என்ற ஸ்காட்லாந்து அதிகாரி. அவருடைய நீதிமன்றம் எடின்பரோவில் நியூ ரெஜிஸ்டர் ஹவுஸில் இயங்குகிறது. அது பெயருக்கு நீதிமன்றம் அல்ல. அங்கே அரசு வழக்கறிஞர் உண்டு, வழக்குத் தொடரும் அதிகாரம் உண்டு. 1592, 1672 ஆண்டுச் சட்டங்கள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. வழங்கப்பட்ட ஒவ்வொரு கேடயமும் 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடத்தப்படும் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. அதில் ஏறாத கேடயத்தையோ அடுத்தவருடைய கேடயத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது அங்கே குற்றம். பெரிய நிறுவனமும் இதற்கு விலக்கில்லை. அபர்தீன் அருகே டிரம்ப் நிறுவனம் அமைத்த கோல்ஃப் மைதானம் பதிவில்லாத சின்னத்தைப் பயன்படுத்தியதால் சிக்கல் வந்தது. 2012இல் முறையாக வழங்கப்பட்ட வேறொரு சின்னத்துக்கு அது மாற வேண்டியதாயிற்று.

விற்பவர்கள் செய்வது மிக எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொகுப்பு நூல்களில் பெயர்வாரியாக ஆயிரக்கணக்கான கேடயங்களின் வருணனை இருக்கிறது. நீங்கள் கொடுத்த குடும்பப் பெயருக்கு நேரே முதலில் கிடைப்பதையோ மிகப் பிரபலமானதையோ எடுத்து அச்சடித்துவிடுகிறார்கள். கேம்ப்பெல் என்றால் மையத்திலிருந்து எட்டு முக்கோணங்களாகப் பிரிந்து, தங்க நிறமும் கருப்பும் மாறி மாறி வரும் கேடயம். அது கேம்ப்பெல் கிளானின் (குலத்தின்) தலைவரான ஆர்கைல் பிரபுவின் கேடயத்திலிருந்து எடுத்தது. லௌடன் கிளைக் கேம்ப்பெல்களுக்கோ அதே எட்டுத் துண்டு, ஆனால் நிறம் சிவப்பும் எர்மினும் (வெள்ளையில் கருப்புப் புள்ளிகள் கொண்ட மென்மயிர்த் தோல் வடிவம்). ஆக, கேம்ப்பெல்களுக்குள்ளேயே ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது.

‘அந்தப் பிரபுவின் தூரத்து வழியில் வந்தவர் என்றால் போட்டுக்கொள்ளலாமே’ என்று கடைக்காரர் சமாதானம் சொல்வார். அதுவும் தவறு. கேடயம் மாற்றமில்லாமல் வாரிசுக்கு மட்டுமே இறங்கும். தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன்கூட மேலே மூன்று தொங்கல் கொண்ட பட்டையைச் சேர்த்துத்தான் அதைக் காட்ட வேண்டும். இளைய மகன்களும் அவர்கள் வழியினரும் லயன் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, கேடயத்தைச் சுற்றி ஒரு நிறக் கரையோ வேறு அடையாளமோ சேர்த்துத் தங்கள் பெயரில் தனியாகப் பதிய வேண்டும். இதற்கு மெட்ரிகுலேஷன் என்று பெயர். அது முடியாதவரை, ரத்த உறவை எத்தனை தலைமுறைக்கு நிரூபித்தாலும் கேடயம் உங்களுடையது ஆகாது.

சரி, கேம்ப்பெல் என்ற பெயருள்ள மாப்பிள்ளை எதைத்தான் அணியலாம்? அணியக்கூடியது ஒன்று இருக்கிறது, அது விலையும் குறைவு. கிளான் தலைவரின் கிரெஸ்ட்டை (கேடயத்துக்கு மேலே வரும் உருவம், கேம்ப்பெல் தலைவருக்குப் பன்றித் தலை) நடுவில் வைத்து, பக்கிள் போட்ட ஒரு பெல்ட் அதை வட்டமாகச் சுற்றி, பெல்ட்டின் மேல் தலைவரின் குறிக்கோள் வாசகம் எழுதிய பேட்ஜ் அது. அந்த பெல்ட்டுக்குப் பொருள், ‘நான் இந்தத் தலைவரைச் சேர்ந்தவன், இது என்னுடையதல்ல’ என்பது. தொப்பியிலும் உடையிலும் கிளான் உறுப்பினர் யாரும் அதைக் குத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த கிரெஸ்ட் தலைவரின் உடைமையாகவே இருக்கிறது. சிக்னெட் மோதிரத்திலும் கடிதத் தாளிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதைச் சொந்தச் சின்னம்போல் பொறிக்கக் கூடாது. அந்த மோதிரத்தில் நடந்த தவறு இதுதான்: பெல்ட் இல்லாமல் வெறும் பன்றித் தலை. பார்ப்பவருக்கு அது ‘நானே தலைவர்’ என்று சொல்கிறது.

இறகு விஷயத்தில் கில்ட் (ஸ்காட்டிஷ் பாவாடை உடை) வாடகைக் கடைகளும் கவனமின்றி நடக்கின்றன. பேட்ஜுக்குப் பின்னால் செருகும் கழுகு இறகு அழகுக்கு அல்ல. மூன்று இறகு கிளான் தலைவருக்கு. இரண்டு, கிளைத் தலைவருக்கு. ஒன்று, தன் பெயரில் கேடயம் பதிந்தவருக்கு. அவர் தன் சொந்த கிரெஸ்ட்டை பெல்ட் இல்லாத வெற்று வளையத்துக்குள் அணிவார். சாதாரண உறுப்பினருக்கு இறகே கிடையாது. தொப்பியோடு இறகு வந்தால் வாங்கும் இடத்திலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டால் தலைகுனிவு மாப்பிள்ளைக்குத்தான், கடைக்காரருக்கு அல்ல.

டார்டன் எனப்படும் கட்டம் போட்ட துணிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்கெனத் தனிப் பதிவேடு 2009இலிருந்து இருக்கிறது, லயன் நீதிமன்றத்தோடு அதைக் குழப்ப வேண்டாம். சால்டயர் எனப்படும் நீலத்தில் வெள்ளைக் குறுக்குக் கொடியை எவரும் ஏற்றலாம். மஞ்சள் நிலத்தில் சிவப்புச் சிங்கம் நிற்கும் கொடி அரசருடையது. கையில் அசைக்கும் சிறிய கொடிக்கு மட்டும் 1934இல் அனுமதி கிடைத்தது. மண்டப வாசலில் கம்பம் நட்டு ஏற்ற அனுமதியில்லை.

இந்தத் தொகுப்புகளோடு இன்னொன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ‘ஒரு சதுர அடி நிலம் வாங்குங்கள், லார்ட், லேடி, லேர்ட் பட்டம் உங்களுக்கு, கேடயத்துக்கும் விண்ணப்பிக்கலாம்’ என்பார்கள். இந்த அளவுத் துண்டை ஸ்காட்லாந்தின் நிலப் பதிவேடு ஏற்பதே இல்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுப்பொருள் துண்டுகளைப் பதிய மறுத்தது, அதன் இடத்தில் வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டமும் மறுக்கிறது. பதிவில்லாமல் அங்கே நிலவுடைமை கைமாறாது. லேர்ட் என்பது நில உடைமையாளரைக் குறிக்கும் சொல், பிரபுப் பட்டம் அல்ல. நினைவுப்பொருள் துண்டு வைத்திருப்பது கேடயத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைத் தராது என்று லயன் நீதிமன்றமே தெளிவாக அறிவித்திருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு: ‘செய்வித்த பொருள்’ என்ற பதிலைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை செய்வித்த பொருளுக்கு இல்லை, அது உண்மை. ஆனால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கலாம். செய்வித்த பொருளுக்கும் இது பொருந்தும். எனவே விளம்பரப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கடை அதை மாற்றிவிடலாம். ‘அதிகாரபூர்வ’, ‘உங்கள் குடும்பத்தின்’ என்ற சொற்கள் இருந்தால் உங்கள் வழக்கு பலமானது. ‘இப்பெயரோடு வரலாற்றில் தொடர்புள்ள சின்னம்’ என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தால் வலு குறையும். நிராகரிப்பதாகத் தேதியிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டி, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் கடையோடு சேர்ந்து பொறுப்பு. டெபிட் கார்டு என்றால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். லயன் நீதிமன்றம் பணம் வாங்கித் தராது, ஆனால் சின்னத்தைத் தவறாக விற்பது பற்றி அங்கே எழுதித் தெரிவிக்கலாம்.

வாங்கும் முன் சரிபார்க்கவும் வழியிருக்கிறது. பழைய பதிவேட்டுப் பக்கங்களை ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அந்தக் கேடயம் யார் பெயரில் இருக்கிறது என்று கடைக்காரரிடமும் கேளுங்கள். பெயர், பதிவான ஆண்டு, பதிவேட்டுத் தொகுதி, பக்கம் ஆகியவற்றைச் சொல்ல முடியாதவர் கையில் விற்க எதுவும் இல்லை.

உண்மையாகவே கேடயம் வேண்டும் என்றால் அதற்கு நேர்வழி உண்டு. ஸ்காட்லாந்தில் நிரந்தரமாகக் குடியேறிய தமிழரும் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். ஸ்காட்டிஷ் ரத்தமோ ஸ்காட்டிஷ் குடும்பப் பெயரோ தேவையில்லை. நற்குணமும் தகுதியும் உள்ளவருக்கு வழங்கலாம் என்பதே 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை. பிறப்பு, திருமண, வசிப்பிடச் சான்றுகளோடு மனு கொடுத்து, அலுவலரோடு பேசி வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். யாரிடமும் இல்லாத வடிவமாக அது இருக்க வேண்டும். இறுதியில் கையால் எழுதி வரைந்த, முத்திரையிட்ட ஆவணம் கிடைக்கும். அதன் மறுபிரதி பதிவேட்டில் ஏறும். கட்டணம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும், கிரெஸ்ட்டும் குறிக்கோள் வாசகமும் சேர்த்தால் இன்னும் கூடும். காத்திருப்பும் நீளம். நடப்புக் கட்டணப் பட்டியல் நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது, இடைத்தரகர் யாரும் வேண்டாம்.