காரைக்குடி பழைய சாமான் கடை: எனாமல் வாங்க போங்க, ராஜா கொடி வாங்க போனா டேப் எடுத்துட்டு போங்க

முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா பழைய சாமான் கடைங்க இருக்குல்ல, அதுல கொஞ்சம் உள்ளடங்கி இருக்குற ஒரு கடை பத்திதான் சொல்றேன். பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உள்ளது இல்ல.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். எனாமல் தூக்கு, பர்மா தேக்குல செஞ்ச சாமான், பழைய பூட்டு இதெல்லாம் அருமை. தூக்குல எங்கயாச்சும் சில்லு பேந்திருந்தா கடைக்காரரே திருப்பி காட்டிடுறாரு, ரேட்டும் பேசலாம்.

வம்பு கொடியில. ட்ரங்குப் பெட்டி மேல ஒரு பழைய பருத்திக் கொடி கெடந்துச்சு, ஒரு பாதி செவப்பு, ஒரு பாதி வெள்ளை. "மொனாக்கோ ராஜா வீட்டுக் கொடி தம்பி, வெளிநாட்டுக்காரவுக தேடி வர்றாக, பன்னெண்டாயிரம்"னாரு. மொனாக்கோங்குறது ஐரோப்பாவுல ஒரு குட்டி நாடு, அதோட கொடி செவப்பு வெள்ளைதான், அது அங்க ஆளுற கிரிமால்டி வம்சத்தோட கலரு, 1297ல அந்த வம்சத்து ஆளு ஒருத்தரு துறவி வேஷம் போட்டு அங்கிக்குள்ள கத்திய ஒளிச்சு வச்சுக்கிட்டு கோட்டைய புடிச்சதா கதை, இன்னைக்கும் அவுக சின்னத்துல கத்தி புடிச்ச ரெண்டு துறவிங்க நிக்கிறாங்க, இப்ப இருக்குற கொடி 1881ல வந்துச்சு. எல்லாம் சரி, ஆனா அந்தக் கொடியோட உயரத்துக்கு நீளம் கணக்கு 4:5, கிட்டத்தட்ட சதுரம். கடை டேப்ப வாங்கி அளந்தேன், 36 இன்ச்சுக்கு 54. அது 2:3, அதாவது இதே செவப்பு வெள்ளையில இருக்குற இந்தோனேசியா கொடியோட கணக்கு. வெள்ளைய மேல வச்சு புடிச்சா போலந்து ஆயிடும்னு நினைப்பீங்க, அதுக்கும் 5:8, இன்னும் நீளமா இருக்கணும்.

அளவ மட்டும் வச்சு அடிச்சு சொல்ல முடியாதுதான், அதனால பெட்டி எங்கேருந்து வந்துச்சுண்ணேன்னு கேட்டேன். மேடான்ல கிட்டங்கி வச்சிருந்த ஒரு வீட்டுச் சாமான்னாரு. அப்பறம் என்னண்ணே, மேடான் இந்தோனேசியாவோட சுமத்ரா தீவுல இருக்கு, அந்தப் பெட்டியில மொனாக்கோ கொடி எங்கேருந்து வரும்?

உடனே மனுசன் பிளேட்ட மாத்திட்டாரு. "அப்ப மஜாபாஹித் ராஜா காலத்துது, எழுநூறு வருசம்"ங்குறாரு! செவப்பு வெள்ளைய அந்தப் பரம்பரையோட சேத்து பேசுறது உண்மைதான், மஜாபாஹித்ங்குறது ஜாவா தீவுல இருந்த பழைய ராஜ்ஜியம், 1293ல ராடன் விஜயன் ஆரம்பிச்சது, அதுக்கு முந்தின வருசமே கெடிரி ராஜா ஜெயகத்வாங் படை செவப்பு வெள்ளைக் கொடியோட வந்ததா சொல்லுவாங்க. ஆனா இது மில் துணி, ஓரத்துல தையல் மெஷின் ஓடின தடம் பளிச்சுன்னு தெரியுது. இந்தோனேசியா கொடியா இது ஏறினது 17 ஆகஸ்ட் 1945ல, அந்த நாட்டு முதல் ஜனாதிபதி சுகர்ணோவோட மனைவி ஃபத்மாவதி தச்சது.

எனக்கு ஆசை வேற மாதிரி. அதே வருசம் செப்டம்பர்ல, முன்னாடி டச்சுக்காரவுக ஆண்ட இந்தோனேசியாவோட சுரபாயா ஊர்ல ஒரு ஹோட்டல்ல பறந்த டச்சுக் கொடியில அடியில இருந்த நீலப் பட்டைய கிழிச்சுட்டு மிச்சத்த பறக்க விட்டாங்க (டச்சுக் கொடி செவப்பு-வெள்ளை-நீலம்). அப்படி கிழிச்ச கொடியா இருக்குமோன்னு வெள்ளைப் பக்கத்து ஓரத்த வெளிச்சத்துல பார்த்தேன். இல்ல, மடிச்சு ஒழுங்கா தச்ச ஓரம். கிழிச்சிருந்தா அகலம் கொறஞ்சு ரிப்பன் மாதிரி நீண்டிருக்கும்.

கடைசியா 1,500க்கு குடுத்தாரு, அந்த வெலைக்கு ஓகே. கூட எனாமல் தூக்கு ஒண்ணும் வாங்கினேன், அதுக்கு பேரம் பேசவே மனசு வரல. கடைக்கு என் மார்க் 5க்கு 3.5. பில் கேட்டாத்தான் தருவாரு, அதுலயும் "பழைய துணி 1"ன்னுதான் எழுதுறாரு.