ஓசூரில் வாங்கிய ரிவெட் கன் செட்: கன் தேறும், டாலி தேறாது

பழைய போர் விமானத் தகடுகளைச் சீர்செய்ய வாங்கியது: 3எக்ஸ் அளவு ரிவெட் கன் (ரிவெட்டைக் காற்றழுத்தத்தில் தட்டும் கருவி), நாலு ஸ்னாப் (கன் முனையில் மாட்டி ரிவெட் தலையில் அமரும் குழிவான அச்சு), ஒரு டாலி (ரிவெட்டின் மறுமுனையில் தாங்கிப் பிடிக்கும் எஃகுக் கட்டி), ஐம்பது கிளீகோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்), ஒரு பாக்கெட் ரிவெட். இந்த செட்டில் கன்னுக்குக் கொடுத்த காசு வீணில்லை. டிரிகரை மெல்ல அழுத்தினால் மெல்லத் தட்டுகிறது. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் மாதிரி விமானங்களில் மேல்தகடு வெறும் மூடி இல்லை, பாரத்தில் அதற்கும் பங்குண்டு. வெள்ளை பூத்த பழைய ரிவெட்டை எடுத்துப் புதிது அடிக்கையில் அந்த நிதானம்தான் தகட்டைக் காப்பாற்றும்.

கிரானைட் பட்டறைக் கம்ப்ரசரில் அப்படியே மாட்டிவிடாதீர்கள். 90 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 1/8 அங்குல ரிவெட் அப்பளமாகிவிடும். ரெகுலேட்டரை 40 அருகே வைத்து, கழிவுத் தகட்டில் அடித்துப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். அடித்து முடிந்ததும் டாலிப் பக்கம் உருவாகும் தலை 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம் வர வேண்டும். அதற்கு அடிக்கும் முன் ரிவெட் அந்தப் பக்கம் தகட்டுக்கு வெளியே 4.8 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். ஓட்டைக்கு 30ஆம் நம்பர் ட்ரில்.

டாலிதான் சொதப்பல். எடை 700 கிராம். இந்த ரிவெட்டுக்கு ஒன்றரை கிலோவாவது வேண்டும். எடை குறைந்தால் துள்ளும். ஒரே மூச்சில் முடிய வேண்டிய ரிவெட் அடிமேல் அடி வாங்கி இறுகி, ஓரத்தில் வெடிக்கும். 40×40×120 மி.மீ. இ.என்.24 எஃகுத் துண்டு ஒன்றரை கிலோ வரும். ஓசூரில் எந்த மில்லிங் பட்டறையிலும் சீவி, ஹார்டன் செய்து, முகத்தைக் கிரைண்ட் பண்ணி, முனைகளை மழுக்கிவிடுவார்கள்.

ஸ்னாப்பிலும் ஒரு சிக்கல். நாலும் ஏ.என்.470 என்ற வகை ரிவெட் தலைக்கானவை. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானங்களில் அதிகம் வரும் பிரேசியர் என்ற வகைத் தலை இன்னும் அகலம், தட்டை. ஸ்னாப்பின் குழி பொருந்தாவிட்டால் தலையைச் சுற்றிப் பிறை மாதிரி வெட்டு விழும். பிறகு அந்த ரிவெட்டைத் துளைத்து எடுக்க வேண்டியதுதான். எடுக்கும்போது தலையின் உயரம் வரை மட்டும் துளைத்து, பின்னால் தாங்கு கொடுத்து பின் பஞ்சால் தட்டுங்கள். ஓட்டை விரிந்தால் அடுத்த அளவான 5/32 அங்குல ரிவெட்டுக்குப் போக வேண்டும், அப்போது தகட்டு ஓரத்துக்கு ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி மிஞ்சுமா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

இது இந்தப் பக்கத்துக்குப் புதுவேலையும் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் உடைத்துப் போட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை எச்.ஏ.எல். தேற்றிப் பறக்கவிட்ட பெங்களூரு இங்கிருந்து 40 கி.மீ.தான்.

பாக்கெட்டில் 'ஏ.டி.' என்று அச்சடித்திருக்கிறது. ஏ.டி. என்பது உறுதியான அலுமினியக் கலவை ரிவெட்; அதன் தலை நடுவில் சின்னக் குழி இருக்கும். இதில் ஒன்றிலும் இல்லை, தலை மொழுமொழுவென்று இருக்கிறது. அது மெத்தென்ற சுத்த அலுமினியத்தின் அடையாளம். பெயர்ப்பலகை அடிக்க வைத்துக்கொள்ளலாம்.