எட்டு மடங்கு நெருக்கத்தில் தூக்கணாங்குருவியின் குடும்ப விவகாரம்

பறவைகளின் காதல், ஊடல், மாமியார் தொல்லை ஆகியவற்றை அருகிருந்து காண்பதற்காக 8×42 அளவுள்ள பைனாகுலர் ஒன்றை வாங்கினேன். அந்த வேலைக்கு அது எவ்வளவு தகுதியானது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இதற்கு எட்டு மடங்கு பெருக்கமே போதும். பத்து மடங்குக் கருவியில் நம் கைநடுக்கமும் சேர்ந்து பெருகுவதால், பதறுவது பறவையா நாமா என்று பிரித்தறிய முடிவதில்லை. முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ. என்பதால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றை 5.25 மி.மீ. அகலம் இருக்கிறது, விடியற்கால மங்கலிலும் இறகின் நிறம் துலக்கமாகத் தெரிகிறது.

இக்கருவியின் அருமை தூக்கணாங்குருவிகளிடம்தான் விளங்குகிறது. ஆண்குருவி கூட்டைப் பாதிவரை முடைந்துவிட்டு, அதில் தொங்கியபடியே சிறகடித்துப் பெண்ணை அழைக்க, அவளோ உள்ளே நுழைந்து அங்குமிங்கும் அலகால் இழுத்துப் பார்த்துவிட்டு, சீர்வரிசையை எண்ணிப் பார்க்க வந்த சம்பந்தியம்மாளைப் போல ஒரு சொல்லும் சொல்லாமல் பறந்துவிடுகிறாள். அந்த நேரத்தில் அவனுடைய முகவாட்டத்தைப் பார்க்கலாம் என்று குவியத் திருகை எவ்வளவு திருகினாலும், மஞ்சள் உச்சந்தலைதான் தெரிகிறதே தவிர மனம் தெரிவதில்லை. அவனுக்காக உருகவும் வேண்டியதில்லை. ஒருத்தி சம்மதித்து முட்டையிட்டதும், பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்தவளை அழைப்பதுதான் அவன் குல வழக்கம்.

இதற்கு நேர்மாறான குடும்பத்தைக் காண விரும்புவோர் கருவியைத் தாமரைக் குளத்தின் பக்கம் திருப்பலாம். நீளவால் இலைக்கோழியில் பெண், முட்டைகளை ஆணிடம் ஒப்படைத்துவிட்டு வேறு துணை தேடிப் போய்விட, அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் அவன் பொறுப்பு. பார்வைப் பரப்பு அகலமாக இருப்பதால், தகப்பனையும் இலைமேல் சிதறி ஓடும் பிள்ளைகளையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது. அவன் சலித்துக்கொள்வதாக எட்டு மடங்கிலும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மீட்டர் தொலைவிலுள்ளதும் தெளிவாகக் குவிகிறது. வேலியோரத் தவிட்டுக்குருவிகள் ஊரே திரும்பிப் பார்க்கும்படி சண்டையிட்டுவிட்டு, அடுத்த நிமிடமே ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதிவிடுவதைப் பார்க்க இந்த வசதி அவசியம்.

குறைகளும் உண்டு. முக்கால் கிலோவை நெருங்கும் எடையைக் கூடவே வரும் மெல்லிய வாரில் தொங்கவிட்டால் கழுத்து கடுக்கிறது. முன்வில்லை மூடிகள் லேசாகத் தட்டினாலே கழன்று விழுகின்றன. மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்விளிம்பு வளையங்களை உள்ளே திருகிப் பார்த்து, காட்சி முழுவதும் தெரிகிறதா என்று கடையிலேயே உறுதி செய்துகொண்ட பிறகு பணம் கொடுப்பது நல்லது.