சும்மா 'ஏலம்' என்று அடித்தால் என்ன நடக்கணும்?

கம்பம், குமுளிப் பக்க ஏலக்காய்க் கடைகளுக்காக பைதானின் ஆர்க்பார்ஸில் (டெர்மினலில் அடித்த சொற்களைப் பிரித்துப் படிக்கும் நூலகம்) எழுதிய சின்ன டெர்மினல் கருவி இது. பெயர் 'ஏலம்' (சரக்குக்கும் அதே பேர், விற்கிற முறைக்கும் அதே பேர்). எடை, ரசீது, பாக்கி என மூன்று துணைக்கட்டளைகள். ஆப்ஷன்களும் தமிழில்தான். இரண்டு சீசன் ஓடிய பின் தெரிந்தவை இவை.

துணைக்கட்டளை இல்லாமல் வெறுமனே 'ஏலம்' என்று அடித்தால் பைதான் 3 தானாகத் தடுக்காது. உள்ளே போய் ஆட்ரிபியூட் எரரில் (இல்லாத ஒன்றைக் கேட்டால் வரும் பிழை) விழும். இதற்காகப் பலர் "முதல் சொல் தெரியாததா, முன்னால் 'எடை' சேர்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. 'ரசீது' என்பதை 'ரசிது' என்று அடித்தால், 'ரசிது' என்ற லாட்டுக்கு (ஏலத்துக்கு வந்த ஒரு தொகுதி சரக்கு) எடை தேடும். ஒன்றுமே அடிக்காதபோது மட்டும் இயல்புக் கட்டளை ஓடட்டும். அதுவும் 'பாக்கி' மாதிரி பார்க்க மட்டும் செய்கிற, எதையும் எழுதாத கட்டளையாக இருக்கட்டும். தெரியாத சொல் வந்தால் பைதானின் டிஃப்லிப் நூலகத்தில் உள்ள, ஒத்த சொல்லைத் தேடித் தரும் கெட்_குளோஸ்_மேட்சஸ் போதும். அதன் இயல்பு ஒற்றுமை வரம்பு 0.6, 'ரசிது' 0.8 வாங்கி 'ரசீது'வைக் காட்டிவிடும்.

ஆர்க்பார்ஸில், தெரியாததைப் பிழையாக்காமல் ஒதுக்கிவைக்கும் பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ் பக்கம் போகவே வேண்டாம். '--தொகை' என்பதற்குப் பதில் 'ஏலம் ரசீது --தெகை 4500 12' என்று கை தவறினால், தெரியாத ஆப்ஷனை மட்டும் ஒதுக்கிவிட்டு 4500-ஐ லாட் எண்ணாக எடுத்துக்கொள்ளும்; நிஜ லாட் 12 மீதிப் பட்டியலில் கிடக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. வழக்கமான பார்ஸ்_ஆர்க்ஸ் என்றால் பிழை சொல்லி 2 என்ற குறியீட்டோடு வெளியேறும், அதைப் பார்த்துப் பின்னால் ஓடும் ஸ்கிரிப்டையும் நிறுத்தலாம்.

ஆப்ஷன் பெயரைச் சுருக்கி அடிக்கும் வசதியையும் அணையுங்கள். '--தொ' என்றாலே '--தொகை' என்று ஏற்கும். நாளைக்கு '--தொலைபேசி' சேர்த்தால் அதே '--தொ' பிழையாகும். இதற்கான அலோ_அப்ரெவ் ஃபால்ஸ் என்பதை ஒவ்வொரு துணைக்கட்டளையின் பார்சருக்கும் தனியாகக் கொடுக்கணும், தாய்ப் பார்சரிடமிருந்து இறங்காது.

ரொம்பப் படுத்தியது எழுத்துதான். 'தொ'வின் கொம்பும் காலும் ஒரே யூனிகோட் குறியாகவும் வரலாம், இரண்டு குறியாகவும் வரலாம்; கீபோர்டைப் பொறுத்தது. திரையில் வித்தியாசமே தெரியாது, ஆர்க்பார்ஸோ தெரியாத ஆப்ஷன் என்று தள்ளிவிடும். பார்ஸ் பண்ணுமுன் வந்த சொற்கள் எல்லாவற்றையும் பைதானின் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் வழியே என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு குறியை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றுங்கள், கோடில் எழுதிய ஆப்ஷன் பெயர்களையும் சேர்த்து. எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை: ௧௨ என்று அடித்தாலும் பைதானில் எண்ணாக மாற்றும் இன்ட் அதை 12 என்றே எடுக்கும்.