மனுவா, காணொளியா, புலனக் குரலா?

ஏதாவது பிரச்சினை என்றால் நம் சங்கங்களுக்கு முதலில் தோன்றுவது இணைய மனுதான். மகஜர் கொடுத்துப் பழகிய கைக்கு அது இயல்பு. கையெழுத்து எண்ணிக்கை கண்ணெதிரே ஏறுவதைப் பார்க்கும்போது வேலை நடப்பதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும். 100,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். இங்கே மலேசியாவில் எந்த எண்ணும் எந்த அமைச்சரையும் கட்டுப்படுத்தாது. சில தனியார் தளங்கள் கையெழுத்திட்ட கையோடு பணமும் கேட்கும். மனுவை அதிகம் பேருக்குக் காட்டுவதற்காகத் தளம் வாங்கும் பணம் அது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போகும் என்று நம்பிக் கொடுப்பவர்கள் பாவம்.

மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக எழுந்த ஹிண்ட்ராஃப் இயக்கம் 2007 நவம்பர் 25-இல் நடத்திய பேரணியின் நோக்கமே பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு ஒப்படைப்பதுதான். அந்த மனுவில் என்ன இருந்தது என்று கேட்டால் இன்று பலரும் விழிப்பார்கள். கோலாலம்பூர்ச் சாலையில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே நின்ற கூட்டத்தை மறந்தவர் இல்லை. குறுஞ்செய்தியும் ஊர் ஊராக நடந்த கூட்டங்களும் சேர்த்த கூட்டம் அது.

டிக்டாக் காணொளி வேறு ரகம். செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது என்று வைத்துக்கொள்வோம். சங்கத் தலைவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்டன அறிக்கை வாசித்தால் அவர் வீட்டாரே பார்க்க மாட்டார்கள். அரிசி மூட்டையோடு ஏறிவந்து ஒன்பதாவது மாடிப் படியில் மூச்சுவாங்க உட்கார்ந்துவிட்ட பாட்டியை, கீழே மலாயில் இரண்டு வரியோடு காட்டுங்கள். தமிழ் தெரியாதவரும் நின்று பார்ப்பார். மொழி வேலியைத் தாண்டுவதில் காணொளிக்கு ஈடில்லை.

ஆனால் பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? பாட்டியின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். அரிசி வந்து சேரும். மின்தூக்கி அப்படியே நிற்கும். பரிதாபம் பெருகிக் கோரிக்கை காணாமல் போவது காணொளியின் தீராத வியாதி. பேரப்பிள்ளையின் முகமும் பள்ளிச் சீருடையும் சேர்ந்து ஊர் சுற்றுவது அதைவிட மோசம்.

கதையும் கோரிக்கையும் ஒன்றாகவே இருந்தது 2021-இன் வெள்ளைக் கொடி இயக்கத்தில்தான். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடு ஒரு வெள்ளைத் துணியை வெளியே தொங்கவிட்டால் போதும். முகம் காட்ட வேண்டாம், கண்ணீர் வேண்டாம். என்ன தேவை, எங்கே கொண்டுவர வேண்டும் என்பதை அந்தத் துணியே சொன்னது. இணையம் செய்தியைப் பரப்பியது. அக்கம்பக்கத்தார் பொட்டலத்தோடு போனார்கள்.

அக்கம்பக்கம் என்றால் புலனம் எனும் வாட்ஸ்அப்தான். படித்தவர்கள் இளக்காரமாகப் பார்க்கும் குரல்பதிவுக்கே என் ஓட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதவருக்கும் அது எட்டும். பேசுவது யார் என்று குரலிலேயே தெரிவதால் நம்பிக்கை தானாக வருகிறது. அரை நிமிடம் போதும்: பேர், கட்டடம், மாடி, எந்த நாளிலிருந்து பழுது, எந்த அலுவலகத்தை எத்தனை மணிக்குள் அழைக்க வேண்டும். தேதியை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழுது நீங்கிய பிறகும் அந்தப் பதிவு அலைந்துகொண்டிருக்கும். பிறர் பகிர்ந்துவிட்ட பிரதியைத் திரும்பப் பெறவும் முடியாது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-இல் புலனம் கட்டுப்பாடு வைத்தது. குடியிருப்புப் போராட்டத்துக்கு அது நஷ்டமே இல்லை. அழைக்க வேண்டியவர்கள் அதே கட்டடத்தில்தானே இருக்கிறார்கள்.

மூன்றிலும் அதிகாரியைத் திட்டுவதைத் தவிர்க்கவும். 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில், முறையற்ற இணையப் பதிவுகளுக்கான 233-ஆவது பிரிவில் அபராத உச்சவரம்பு 2025-இல் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000-க்கு ஏறிவிட்டது.

குரல்பதிவை முதலில் அனுப்புவேன். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் காணொளி, அதன் கடைசி வரியில் பொறுப்பான அலுவலகத்தின் பெயர். மனு எல்லாவற்றுக்கும் பிறகுதான், அதுவும் காகிதத்தில் அச்சடித்து. அலுவலக முகப்பில் கொடுத்துவிட்டு, நம் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பக் கூடாது.